சூறைக்காற்றும் கிணற்று முறையும்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் வானத்தைப் பார்த்து மழை கேட்பார்கள். நான் கேட்க மாட்டேன். கோடை மழை எங்களுக்குத் தனியாக வந்ததே கிடையாது. முன்னால் காற்று வரும். போகிற போக்கில் வாழையைச் சாய்க்கும், மாங்காயை உதிர்க்கும், ஒருத்தர் வீட்டுத் தகரத்தைப் பிடுங்கி இன்னொருத்தர் தோட்டத்தில் போடும், கடைசியில் கரண்ட் கம்பியில் கை வைக்கும். அதற்குப் பிறகு பெய்கிற மழையை உட்கார்ந்து ரசிக்க எனக்குத் தெரியாது.

கரண்ட் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அது திரும்பி வருகிற லட்சணத்தைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை.

எங்களுடையது ஊர் என்று சொல்லும்படி ஊர் இல்லை, கொட்டாய். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, தோட்டங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். வீட்டு விளக்குக்கும் கிணற்று மோட்டாருக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். மோட்டார் பெட்டியில் ஆட்டோ என்று ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதைப் போட்டு வைத்தால் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடும், ஆள் போக வேண்டியதில்லை. நல்ல வசதிதான். ஆனால் எல்லோருமே அதைப் போட்டு வைத்துவிட்டு வீட்டில் படுத்துக்கொள்கிறார்கள். கரண்ட் நாள் கணக்கில் இல்லாமல் கிடந்து திடீரென்று வந்தால் அத்தனை மோட்டாரும் ஒரே சமயத்தில் எழுந்து இழுக்கும். டிரான்ஸ்பார்மரில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். பீஸ் போய்விடும். விளக்கு எரிந்ததா, நம் கண்தான் சிமிட்டியதா என்று சந்தேகமாக இருக்கும்.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அப்போதுதான் மழை கொட்டி ஓய்ந்திருக்கும். வயலில் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். தவளை கத்தும். யாருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டியதில்லை. இருந்தாலும் ஒருத்தரும் ஆட்டோவை அணைக்க மாட்டார்கள்.

காரணம், முறை. இங்கே பாதிக் கிணறுகள் அண்ணன் தம்பிக்குப் பொதுவானவை. இன்றைக்கு அண்ணன் ஓட்டினால் நாளைக்குத் தம்பி. கரண்ட் வந்தாலும் வராவிட்டாலும் நாள் நாள்தான். தன் நாளில் ஓட்டாமல் விட்டவன் விட்டதுதான். "மழை பெஞ்சிருக்கே, இன்னைக்கு வேணாம்" என்று ஒருத்தன் பெருந்தன்மையாக இருந்துவிட்டால், அடுத்த வறட்சியில் "அன்னைக்கு விட்டுட்டுத்தானே போனே" என்று மற்றவன் பஞ்சாயத்தில் பேசுவான். அதனால் வெள்ளமே வந்தாலும் தன் நாளில் தன் மோட்டார் ஓடியாக வேண்டும். தண்ணீர் எங்கே போனால் என்ன?

எனக்கு இதில் என்ன இவ்வளவு கோபம் என்றால், என் வீட்டில் முட்டைப் பொட்டி இருக்கிறது. இன்குபேட்டர் என்று வாங்கிய சாமான். கொட்டாயில் அதற்கு முட்டைப் பொட்டி என்றுதான் பேர். நாட்டுக்கோழி முட்டையை உள்ளே அடுக்கி, சூடு குறையாமல் பார்த்துக்கொண்டால் இருபத்தொன்றாம் நாள் குஞ்சு வரும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் முட்டையை என்னிடம் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குஞ்சாக எடுத்துப் போவார்கள். இந்தப் பொட்டி வந்த பிறகு யாரும் கோழியை அடை வைப்பதில்லை. எந்தக் கோழியாவது தானாக அடைக்கு உட்கார்ந்தால் தண்ணீரில் முக்கி எடுத்து விரட்டிவிடுகிறார்கள்.

போன கோடையில் என் ஓரகத்தி முட்டை கொண்டுவந்தாள். என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, அடுத்த தோட்டத்து வீடு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு, மோட்டாரும் கொட்டகையும் தனித்தனி. மூத்தவர் பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறார், பண்டிகைக்குத்தான் வருவார். வெள்ளாமை மொத்தமும் அவள் ஒருத்தியின் தலையில்தான்.

எங்களுக்குள் பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முந்தின கோடையில் அவளுடைய முறை அன்று கம்பி அறுந்து கரண்ட் வரவில்லை. மறுநாள் வந்து, "எனக்கு இன்னைக்கு விடுங்க, நாத்து வாடுது" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர், "நாளுன்னா நாளுதான். கரண்ட் வராததுக்கு நானா பொறுப்பு?" என்று சொல்லிவிட்டார். தக்காளி நாற்று பாதி காய்ந்தது. அன்றிலிருந்து அவள் எங்கள் வாசல் பக்கமே திரும்பவில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவரிடம் சொல்லவும் சொன்னேன். செவிடன் காதில் சங்கு ஊதிய கதைதான்.

அப்படிப்பட்டவள் வந்து நின்றாள் என்றால் காரணம் இருந்தது. வெள்ளைக்கழிச்சல் வந்து அவளுடைய கோழிகள் ஒன்றுவிடாமல் செத்திருந்தன. கல்யாணத்தின்போது அவளுடைய தாய்வீட்டிலிருந்து கூடையில் வந்த கோழியின் வம்சம் அது. சாவதற்கு முன் அவை இட்ட முட்டைகள்தான் மிச்சம். அரிசிக் குண்டானில் பதித்துத் தூக்கி வந்தாள். மற்றவர்களுடையதோடு கலந்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் குங்குமம் வைத்திருந்தாள்.

உள்ளே அடுக்கி மூடியதும் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு இரும்பு ஆணி, இரண்டு காய்ந்த மிளகாய், ஒரு அடுப்புக்கரித் துண்டு எடுத்துப் பொட்டியின் மேல் வைத்தாள்.

"இடி இடிச்சா கூமுட்டையா போயிரும்" என்றாள்.

"அக்கா, இது மெஷினுங்க. இதுக்கு இடியெல்லாம் ஒண்ணும் பண்ணாது."

"மெஷினுக்குப் பண்ணாது. முட்டைக்குப் பண்ணும்ல?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆணியும் மிளகாயும் அங்கேயே இருந்தன.

குஞ்சு வர ஒரு நாள் இருக்கும்போது காற்று வந்தது. மத்தியானம் வரை வெயில் மண்டையைப் பிளந்தது. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சித்தேரி மலைப் பக்கம் கறுத்து, புழுதி எழும்பி, ஆலங்கட்டி தகரத்தில் விழ ஆரம்பித்தது. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துப் புளியமரம் கிளையோடு கம்பியில் சாய்ந்தது. கரண்ட் போயிற்று. அக்கா வீட்டுக்கு வருகிற வயர் அறுந்து தென்னையில் தொங்கியது. செல்போனில் டவரும் போயிற்று. அன்று எங்கள் முறை. என் வீட்டுக்காரர், "இன்னைக்கு முறை போச்சே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். வெளியே வயல் குளமாக நிற்கிறது. இவரை என்ன சொல்வது?

மறுநாள் விடியும்போது இன்வெர்ட்டர் செத்திருந்தது. வீட்டுக்காரர் ஆலங்கட்டிக்குத் தப்பின தக்காளியை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். நான் விறகடுப்பில் தண்ணீர் சுட வைத்து, பாட்டில்களில் ஊற்றி, பழைய சேலையில் சுற்றிப் பொட்டிக்குள் வைத்தேன். ஆறினால் மாற்றினேன். ஆலங்கட்டி விழுந்ததில் சித்திரை மாசத்தில் மார்கழிபோல் சில்லென்று இருந்தது. பாட்டில் சூடு எந்த மூலைக்குப் போதும்? முட்டைக்குள்ளிருந்து கீச் கீச்சென்று கேட்க ஆரம்பித்திருந்தது. ஓட்டை உடைப்பதற்கு முன்பே குஞ்சு அப்படிக் கத்தும். எத்தனையோ தடவை கேட்ட சத்தம்தான், அன்று கேட்கக் கேட்க அடுப்பில் இன்னும் விறகைத் தள்ளினேன்.

லைன்மேன் பொழுது ஏறி வந்தார். கொட்டாயில் நாலு பேர் கொடுவாளோடு போய்க் கிளையை வெட்டிக் கொடுத்தார்கள். கம்பியை இழுத்துக் கட்டினார். கரண்ட் வந்தது. 'டப்'. வேறு பீஸ் போட்டார். 'டப்'.

அவர் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். "ஏங்க, ஊரெல்லாம் வெள்ளம். யாரு வயலுக்குங்க தண்ணி பாய்ச்சறீங்க? எல்லா ஆட்டோவும் ஆஃப்ல இருந்தாத்தான் இனி இந்த டிரான்ஸ்பார்மர்ல கை வைப்பேன். பக்கத்துக் கொட்டாய்க்குப் போயிட்டு சாயங்காலம் ஒரு தடவ வர்றேன். அப்பவும் போச்சுன்னா நாளைக்குத்தான்."

கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். அவருடைய வண்டி ரோட்டில் ஏறியதும் அவரவர் வீட்டுக்கு நடந்தார்கள். மோட்டார் கொட்டகைப் பக்கம் ஒருத்தர் கால்கூடத் திரும்பவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே கிளம்பினேன்.

சேற்றில் கால் புதையப் புதைய ஒவ்வொரு கிணறாகப் போனேன். முதல் கொட்டகைக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். வரப்பெல்லாம் உடைந்து அவருடைய மஞ்சள் காடு தண்ணீரில் மிதந்தது.

"அணைக்கறதுக்கு என்னம்மா. அந்தப் பக்கத்துக் கெணத்துக்காரனை மொதல்ல அணைக்கச் சொல்லு."

பக்கத்துக் கிணற்றுக்காரர், "அவரு அணைச்சுட்டாருன்னு நான் எப்படி நம்பறது?" என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் மூன்று தடவை நடந்தேன். கடைசியில் இரண்டு சுவிட்சையும் நானே அணைத்தேன். இன்னொருத்தர் கவர்மெண்டைத் திட்டினார், கரண்ட் ஆபீசைத் திட்டினார், கம்பியைப் போட்டவனைத் திட்டினார். "அண்ணா, உங்க ஆட்டோ போட்டிருக்குதுங்களே" என்றேன். "அது எப்பவும் போட்டே இருக்கும்மா" என்றார், என்னமோ சாமி விளக்கு மாதிரி. இவர்களில் பாதிப் பேருடைய முட்டை என் பொட்டியில்தான் இருந்தது. சொன்னால், "அடடா" என்றார்கள். அடடா சொல்ல யாருக்குக் காசா பணமா?

கெஞ்சி, திட்டி, ஒருத்தர் வீட்டம்மாவிடம் சொல்லி அவரைத் திட்ட வைத்து, ஒருவழியாக எல்லாம் அணைந்தது. எங்கள் கிணறு மட்டும் பாக்கி. அன்று அக்காவின் முறை. முந்தின நாள் முறைக்குப் போட்டது போட்டபடியே கிடந்த எங்கள் மோட்டாரின் ஆட்டோவை அணைத்தேன். அவளுடைய கொட்டகையில் பூட்டுத் தொங்கியது.

வீட்டுக்குப் போனேன். அறுந்த வயரை ஒரு குச்சியால் வாசலிலிருந்து ஒதுக்கி வைத்துவிட்டு, நனைந்த துணிமணியை வெயில் பார்த்து உதறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க ஆட்டோவ அணைக்கணுங்க. எல்லாரும் அணைச்சுட்டாங்க. சாவி குடுங்க."

"இன்னைக்கு எம் மொற" என்றாள்.

"தெரியுங்க. வயல்லதான் தண்ணி நிக்குதே."

"நின்னா நிக்குது. போன வருசம் காஞ்சப்ப யாரு வந்து பாத்தீங்க? நாளுன்னா நாளுதான்னு எங் கொழுந்தன்தான சொன்னாரு. நான் இன்னைக்கு அணைச்சா, அன்னைக்கு விட்டயேன்னு நாளைக்கு அவரே பேசுவாரு. எனக்காவ பேசறதுக்கு இங்க ஆம்பள இருக்கறாரா?"

"அக்கா, உள்ள கத்துதுங்க. உங்க குங்கும முட்டையும் கத்துது. பொட்டி ஆறிக்கிட்டே வருது."

அவள் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. பிறகு சொன்னாள்: "முட்டைக்குள்ள இருக்கறது குஞ்சா கூமுட்டையான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கெணத்துல இருக்கறது தண்ணின்னு எனக்குத் தெரியும்."

எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். இவளுடைய முட்டைக்காகத்தானே நான் சேற்றில் உழன்று வந்திருக்கிறேன்? அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. அதைவிட, பாலக்கோட்டில் தக்காளி விற்றுக்கொண்டிருக்கிற மனுஷனை உலுக்க வேண்டும்போல் இருந்தது.

"இன்னைக்கு அணைங்க. நாளைக்கு எங்க மொறய நீங்க எடுத்துக்கோங்க" என்றேன்.

"அதை எங் கொழுந்தன் சொல்லட்டும்."

செல்லை எடுத்தேன். டவர் இல்லை. இருக்கிற இடத்துக்குப் போக வேண்டுமானால் மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"நான் சொல்றேங்க. அந்த வூட்ல நானும்தான் இருக்கறேன். எங் குஞ்சுங்க மேல சத்தியமா, நாளைக்கு மொற உங்களோடது."

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். துணியைக் கொடியில் போட்டுவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். என்னிடம் சாவியைத் தரவில்லை; அவளே திறந்து, அவளே அணைத்து, அவளே பூட்டினாள்.

லைன்மேன் சொன்னபடி வந்தார். பீஸ் போட்டார். எல்லோரும் அண்ணாந்து நின்றோம். டப் இல்லை. எங்கள் வீட்டு வாசல் விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பொட்டிக்குள் ஃபேன் சுற்றியது. அக்கா வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். நான்கைந்து முட்டைகளில் மூக்கு வைத்துக் கொத்திய ஓட்டை தெரிந்தது. ஒன்றில் குங்குமம் இருந்தது. "கொத்திருச்சுங்க அக்கா" என்று கத்தினேன். லைன்மேன் வண்டியைக் கிளப்பிப் போகிற சத்தம் கேட்டது.

கண்ணாடிக்கு உள்ளே ஈரம் படிந்து சூடு ஏற ஆரம்பித்த நேரம், 'டப்'.

யார் என்று இன்றுவரை தெரியாது. ஒருத்தர்தான் என்றும் சொல்ல முடியாது. கரண்ட் போகாமல் நிற்பதைப் பார்த்ததும், "இனி பயமில்லை, நிக்குதுல்ல" என்று அவரவர் ஓடிப்போய் ஆட்டோவைப் போட்டிருக்கிறார்கள். நாம் போடாவிட்டால் அடுத்தவன் போட்டுவிடுவான் என்று ஒவ்வொருத்தரும் நினைத்திருக்கிறார்கள். மறுநாள் கேட்டபோது ஒருத்தர்கூட ஒத்துக்கொள்ளவில்லை. "நாங்க போடலீங்க" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அப்படியானால் பீஸ் காற்றில் போயிற்றா? நான் வாசலில் நின்று கொட்டாய் முழுக்கக் கேட்கும்படி திட்டினேன். அவ்வளவு கெட்ட வார்த்தை எனக்குத் தெரியும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

அக்கா திட்டவில்லை. என் அடுப்பங்கரைக்குள் நுழைந்து அடுப்பை மூட்டித் தண்ணீர் வைத்தாள். நான் பாட்டிலை மாற்ற, அவள் தண்ணீர் ஊற்றித் தந்தாள். கீச் சத்தம் குறைந்துகொண்டே போனது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

காலையில் பொட்டியைத் திறந்தோம். ஓட்டுக்கு வெளியே மூக்கை மட்டும் நீட்டியபடி செத்திருந்தவைதான் அதிகம். ஊராரின் முட்டைகளில் ஏதோ கொஞ்சம் பிழைத்தன. குங்கும முட்டைகளில் ஒன்றே ஒன்று. மற்றவற்றை அவள் ஒவ்வொன்றாகக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்து, முறத்தில் வைத்தாள். பொட்டியின் மேலிருந்த ஆணியையும் மிளகாயையும் கரியையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். குஞ்சை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் திரும்பி நின்றாள்.

"இன்னைக்கு மொற எனக்குத்தானே? சொன்னயே."

"உங்களுக்குத்தாங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் கொதித்துப் போனார். முந்தின நாள் இரவே வந்துவிட்ட அவரிடம் விடிந்ததும்தான் விஷயத்தைச் சொன்னேன். "கெணறு என்ன உங்கப்பன் வூட்டு சீதனமா?" என்று குதித்தார். நான் மோட்டார் கொட்டகைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "நாளுன்னா நாளுதானுங்க. இன்னைக்கு அவங்க நாளு" என்றேன். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பத்து மணிவாக்கில் வேறு ஒரு லைன்மேன் வந்து பீஸ் போட்டார். என் திட்டுக்குப் பயந்து யார் யார் ஆட்டோவை அணைத்தார்களோ, இந்தத் தடவை கரண்ட் போகாமல் நின்றது. தேவைப்பட்டபோது நிற்காத கரண்ட் அன்று பொழுதுக்கும் ஆடாமல் அசையாமல் நின்றது. எனக்கு எரிந்தது. அக்கா நிரம்பிக் கிடக்கிற வயலில் மேலும் தண்ணீரை விட்டுக்கொண்டிருப்பாள், வரப்பு உடைந்து எங்கள் பக்கம் பாயும், இவர் அதற்கு ஒரு சண்டை போடுவார் என்று நினைத்துக்கொண்டே மண்வெட்டியோடு கிணற்றுக்குப் போனேன்.

மோட்டார் சத்தம் கேட்கவில்லை. பீஸ் மறுபடியும் போய்விட்டதா என்று பார்த்தேன். போகவில்லை, அவள் கொட்டகைக்குள் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. பல்பைக் கயிறு கட்டித் தாழ இறக்கி, அதன் அடியில் கூடையை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டு வயரை இன்னும் யாரும் கட்டித் தரவில்லை. கூடைக்குள் அந்த ஒற்றைக் குஞ்சு ஓயாமல் கத்தியது. துணைக்கு இன்னொன்று இல்லாத குஞ்சு அப்படித்தான் கத்தும். அவள் விரலை உள்ளே விட்டபோது விரலோடு ஒட்டிக்கொண்டு அடங்கியது.

"மோட்டார் ஓட்டலீங்களா அக்கா?"

"எதுக்கு ஓட்டணும்? வயல்லதான் தண்ணி நிக்குதே" என்றாள்.

"இதத்தானுங்களே நேத்து நான் சொன்னேன்" என்றேன்.

"நேத்து மொற போயிரும்னு இருந்துச்சு. இன்னைக்கு மொற எனக்குன்னு நீயே குடுத்துட்ட. நாளைக்கு யாரும் விட்டயேன்னு பேச முடியாது. இனி ஓட்டுனா என்ன, ஓட்டாட்டி என்ன?"

அவள் சொன்ன கணக்கில் தப்பே இல்லை. அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தது எங்கள் வீடு. மண்வெட்டியை வெளியே சாத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். என் பொட்டியில் பிழைத்த ஊரார் குஞ்சுகளில் இரண்டைக் கொண்டுவந்து இதோடு விடலாமா என்று கேட்டேன்.

"கேட்டுட்டு எடுத்துட்டு வா" என்றாள். "அப்புறம் அவங்க வந்து எங்க குஞ்சுன்னு நிப்பாங்க."